மயிலுக்குக் கட்டிய சிடி

என் மச்சானுடைய தலை ஒரு வருடத்துக்கு மேல் கடலைக் கொல்லையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டித் தொங்கவிட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தபந்தத்தில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாகச் சுற்றுகிறது. மயில் கொத்தியதால்தான் அவருக்குக் கட்டி வந்தது என்கிற அளவுக்குச் சிலர் போய்விட்டார்கள்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே நாலு கிலோமீட்டரில் வீடும் கொல்லையும். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார், நடுவில் கடலை, உளுந்து என்று மண்ணைக் கிளறுவார். அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்போம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை, அவர்களுக்கு அன்று கணக்குப் பரீட்சை. பட்டுக்கோட்டை ரோட்டில் டீசல் தீர்ந்து வண்டி நின்ற பிறகு, "நாம எங்க போறோம்" என்று இவரே பிள்ளைகளைக் கேட்டாராம்.

அப்படித்தான் தெரிந்தது. மூளையின் முன்பக்கம், வலது புறத்தில் கட்டி. சாதுவான கட்டி இல்லை, வெட்டி எடுத்தாலும் திரும்ப முளைக்கிற ரகம் என்றார்கள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன், அதன் பிறகு முப்பது நாள் கரண்டு. ரேடியேஷனை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஷாக் அடிக்குமா என்று கேட்பார்கள். மச்சான் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டுவார்.

அவருடைய காகிதங்களுக்கெல்லாம் பொறுப்பு நான். திருக்கோகர்ணத்தில் வீடு, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. மாற்றுச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் பெற்றோரைத் திட்டுவதுதான் என் உத்தியோகத்தில் பாதி. ஒரு காகிதத்தைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா என்று நான் கேட்காத ஆள் இந்தத் தாலுகாவில் குறைவு. அந்த ஜோரில் மச்சானுடைய ரத்த ரிப்போர்ட், ஸ்கேன் ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முகப்பில் பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன். கடைசி நாள் கரண்டு முடிந்ததும் காகித உறையில் ஒரு வெள்ளைச் சிடி கொடுத்தார்கள். "இதுல எல்லாம் இருக்கு, பத்திரம்" என்று அங்கிருந்த பெண் சொன்னது காதில் விழத்தான் செய்தது. எல்லாமும் காகிதத்தில் இருக்கும்போது இன்னொரு எல்லாம் எதற்கு என்று நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் டூப்ளிகேட்டுக்கு மரியாதை கிடையாது.

அந்த மார்கழியில் கடலை விதைத்த மறுநாளே மயில்கள் இறங்கிவிட்டன. விதை போட்ட அதே வரிசையில், ஒன்றுவிடாமல் கிளறித் தின்னும். அடிக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் யாரும் அடிக்க மாட்டார்கள், முருகனுடைய வாகனம். பளபளவென்று எதையாவது தொங்கவிட்டால் ஓடிவிடும் என்று யாரோ சொல்ல, நான் அக்கா வீட்டிலிருந்த சிடி அத்தனையையும் அள்ளினேன். அக்காவின் கல்யாண வீடியோ, அவள் மகளின் காதுகுத்து, பக்திப் பாட்டு, படம், அதோடு அந்த வெள்ளைச் சிடி. நைலான் கயிற்றில் கோத்து வேலிக் குச்சிகளில் வரிசையாகக் கட்டினேன், மிஞ்சிய இரண்டை மோட்டார் கொட்டகைக்குள் மாட்டினேன். இரண்டு நாள் ஒரு மயிலும் வரவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சிடிக்கு ஒன்றாக எதிரே நின்று தங்கள் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று தோகையை விரித்து ஆடவே ஆரம்பித்துவிட்டது. சீ என்று விட்டுவிட்டேன். கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினாலு மாதம் மச்சான் நன்றாகத்தான் இருந்தார். பிறகு இடது கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்தது. கட்டி திரும்ப வந்திருந்தது. அதோடு அவருக்குப் பேச்சும் வந்திருந்தது. அடக்கம் என்று ஒன்று மனிதனுக்கு இருக்கிறதே, அது குடியிருக்கிற இடத்தில்தான் கட்டியும் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். மனதில் வந்தது அப்படியே வாயில் வரும். அறந்தாங்கியிலிருந்து பார்க்க வந்த பெரியவரிடம், "போன தடவ ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு வந்தீங்க. இப்ப நாலுதான் இருக்கு. டாக்டர் எதுவும் சொன்னாரா" என்று கேட்டார். பெரியவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதி, பசி வேறு. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து புரோட்டா கேட்பார். அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்துச் சமாளித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

இந்தத் தடவை தஞ்சாவூருக்குப் போனோம், பக்கம் என்பதால். அங்கே டாக்டர் எங்கள் ஃபைலைப் புரட்டி, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவந்ததில்லை என்று பாராட்டினார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் டாக்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒங்களுக்கும் பின்னாடி முடி கொட்டியிருக்கே சார், நீங்களும் கரண்டு வச்சீங்களா" என்றார். நல்ல மனிதர், சிரித்துவிட்டார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "இன்னொரு தடவ கொடுக்கலாம், பத்து நாள். ஒளிக்காமச் சொல்றேன், இது குணமாக்குறதுக்கு இல்ல. வளர்றதக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுறதுக்கு. சில மாசம் கிடைக்கலாம்."

"அது போதும் சார்" என்றாள் அக்கா.

"ஆனா மூளை தாங்குறதுக்கு ஒரு அளவு இருக்கும்மா. போன தடவ எந்த இடத்துக்கு எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம நான் மறுபடி கொடுத்தா, நல்ல இடமும் சேர்ந்து கெட்டுப்போகும். கண்ணு போயிரலாம். அந்தப் பிளான் ஒரு சிடியில கொடுத்திருப்பாங்களே, அது எங்க? ஒரு வாரத்துக்குள்ள வேணும். கட்டி இன்னும் பெரிசாயிட்டா அப்பறம் கொடுக்க முடியாது."

ஃபைலில் பதினேழு உறைகள் இருந்தன. சிடி இல்லை. திருச்சிக்குப் போன் செய்தால், அந்தப் பழைய மிஷினை எடுத்துவிட்டோம், அதன் கம்ப்யூட்டரும் போய்விட்டது, அதற்காகத்தானே சிடியில் எழுதிக் கொடுத்தோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தோம். யானை காணாமல் போனால் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்க்கணும் என்பார்கள், நாங்கள் அரிசிப் பானைக்குள்ளேயே பார்த்தோம். பீரோ, பரண், தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்புறம். மூன்று நாள். மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஒரு பொருளப் பத்திரமா வைக்கத் தெரியாதா? இத்தன காகிதத்த நான் கட்டி அழுகுறேன், ஒரே ஒரு சிடிய ஒன்னால பாத்துக்க முடியலையா? அந்தாளு உசுரு அதுலதான இருக்கு" என்று அக்காவைப் பிடித்துக் கத்தினேன். அவள் பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் எங்கயோ வச்சுட்டேன் போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அழுதாள்.

கட்டிலிலிருந்து மச்சான் சொன்னார். "மாப்ள, நீதான மயிலுக்குக் கட்டுன."

 ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டது போல இருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "சரி, வா போவோம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மச்சானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தா அங்கிட்டு ஒண்ணு மின்னுது பாரு, இங்கிட்டு ஒண்ணு" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். வெயிலிலும் மழையிலும் எழுத்தெல்லாம் அழிந்து எல்லாச் சிடியும் ஒரே முகமாகிவிட்டன. எது கல்யாணம், எது மூளை என்று தெரியவில்லை. ஒன்பதைக் காணோம். பக்கத்துக் கொல்லைக்காரர் வேலியில் எண்ணிப் பார்த்தால் சரியாக ஒன்பது.

"இரவல் வாங்குனேன்" என்றார் அவர்.

"யாருகிட்ட வாங்குனீங்க?"

"நீங்க யாரும் இல்ல. மயிலு மட்டும்தான் இருந்துச்சு."

விஷயத்தைச் சொன்னோம். பாவம், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மச்சானுக்காக வருந்தினார். வருந்திக்கொண்டே, "ஆனா இதக் கழட்டுனா எங்கொல்லைக்குல்ல மயிலு வந்துரும்" என்றார். கடைசியில் அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது எவர்சில்வர் தட்டு எடுத்து வந்து, அவர் வேலியில் கட்டிக் கொடுத்தோம். மோட்டார் கொட்டகைக்குள் நிழலில் தொங்கிய இரண்டு சிடி மட்டும் கொஞ்சம் முகவெட்டோடு இருந்தன. மொத்தம் இருபத்தாறையும் வாளியில் போட்டு ஷாம்பூ விட்டுக் கழுவினாள் அக்கா. கயிற்றுக் கட்டிலில் காயவைத்தோம்.

அடுத்த சங்கடம், இந்தக் காலத்தில் சிடி போட்டுப் பார்க்க யாரிடமும் பெட்டி இல்லை. கந்தர்வக்கோட்டையில் நாலு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். ஒரு கடையில் இருந்த பெண் சிடியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, "இத எங்க சொருகணும் அண்ணே" என்று என்னையே கேட்டது. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு விசேஷமெல்லாம் படம் பிடித்த ஸ்டுடியோக்காரர் டிவியில் படம் காட்டுகிற பழைய சிடி பெட்டி ஒன்றை மூட்டை கட்டி வைத்திருந்தார். மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் விட்டால் வருகிற போகிறவர்களிடம் என்ன சொல்வாரோ.

காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். கல்யாணத்தில் பந்தி மட்டும் வந்தது, தாலி கட்டுகிற இடத்தில் நின்றுவிட்டது. இதைப் பார்த்து மச்சான், "அங்கயே நின்னுருந்தா ஒங்கக்கா தப்பிச்சிருப்பா" என்றார். எழுபது பேர் சாப்பிடுவதை இலை இலையாகப் பார்த்தோம். பக்திப் பாட்டு விக்கி விக்கிப் பாடியது. ஐந்து சிடி மட்டும் படம் காட்டவே இல்லை. "கரப்ட் ஆயிருச்சு, தூக்கிப் போட்ருங்க" என்று ஸ்டுடியோக்காரர் குப்பைக் கூடைக்கு எடுத்துப் போனார். நான் பாய்ந்து பிடுங்கினேன். ஆஸ்பத்திரிச் சிடி அந்தப் பெட்டியில் படமாக ஓடாது, படம் காட்டாததுதானே எங்களுக்கு வேண்டியது. ஐந்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மச்சான் திடீரென்று சொன்னார். "டாக்டர் கேட்டப்பவே எனக்குத் தெரியும் மாப்ள. அது கொல்லையிலதான் கெடக்குன்னு."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா மூணு நாள் எங்களத் தேடவிட்டீங்க?"

"வேணாம்னு இருந்தேன். முப்பது நாளு, தல ஆடக் கூடாதுன்னு அந்தப் பிளாஸ்டிக் வலைய மூஞ்சியில மாட்டி, மேசையோட சேத்துத் திருகி வச்சாங்க. கண்ணுகூடச் சிமிட்ட முடியாது. கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய போயிருவாங்க. அதுக்குள்ள தனியாக் கெடந்து தினமும் அழுவேன். கண்ணீரத் தொடைக்கக் கையி எட்டாது. மறுபடியும் என்னால முடியாது."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

"நீ அவளத் திட்டுன. நான் இருக்கும்போதே நீ இந்தத் திட்டுத் திட்டுன. சொல்லாம எப்படி இருக்கச் சொல்ற?"

பஸ் போய்க்கொண்டே இருந்தது.  முப்பது நாளும் கூட்டிப் போனவன் நான்தான். உள்ளே போய்விட்டு வந்தவரிடம் ஒரு நாள்கூட எப்படி இருந்தது என்று கேட்டதில்லை, ரசீது வாங்கினீங்களா என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்ப நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "பையை இங்கயே விட்டுட்டு எறங்கிரு" என்றார்.

என்ன புத்தியோ, அப்படியே செய்தேன். பையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். பஸ் கிளம்பி இருபதடி போனதும் விசில் சத்தம். கண்டக்டர் இறங்கி ஓடிவந்து பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "பாத்தா படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு பையப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா" என்றார். மச்சான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மூவரும் தஞ்சாவூர் போனோம். கரண்டு எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற பெண் ஒருத்தி, அவளுடைய சின்ன அறையில் எங்களை உட்காரவைத்தாள். முதல் சிடி சுற்றவே இல்லை. இரண்டாவதைப் போட்டதும், ஸ்டுடியோவில் செத்துக் கிடந்தது இங்கே உயிர் பெற்று, நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. அக்கா மகளின் காதுகுத்து. சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் எங்கே என்று அந்தப் பெண் தவிக்கிறாள், நடைவழியில் வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் கதவில் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். திரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமனாக நான், தலை நிறைய முடியோடு. பின்னால் பந்தலோரத்தில் மச்சான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தோளை மட்டும் ஆட்டி ஆடுகிறார். அவர் ஆடுவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

மூன்றாவதும் வேலைக்கு ஆகவில்லை. நாலாவதை அந்தப் பெண் கையில் எடுத்தாள், மோட்டார் கொட்டகையில் கிடந்த சிடி. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஒரு நிமிசம் மேடம்" என்றேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை, அழுகை, பஸ், பை எல்லாம். 

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நெசமாங்க?"

"ம்."

"முப்பது நாளும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"அப்ப எனக்குப் பேச வராது" என்றார் மச்சான்.

 அந்தப் பெண் இருக்கிறாள், நான் இருக்கிறேன் என்று பார்க்காமல் அக்கா சொன்னாள். "ஒங்களுக்கு வேணாம்னா வேணாம்ங்க. கஷ்டப்படுறது நீங்கதான. ஆனா எனக்கு வேணும். இருபத்தஞ்சு வருசமா நீங்க பேசவே இல்ல. இப்பத்தான் பேசுறீங்க. நான் இன்னும் கேட்டு முடிக்கல."

மச்சான் அவளையே பார்த்தார். "கண்டபடி பேசுவேன்."

"பேசுங்க."

"ஒன்னயும் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

யோசித்தார். "ஒன் புளிக்கொழம்பு ஒரு நாளும் நல்லா இருந்ததில்ல."

"தெரியுங்க" என்றாள் அக்கா. அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "போடும்மா" என்றார்.

அது சுற்றியது. முனகியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் அவருடைய தலை வந்தது, குறுக்கே வெட்டிய தலை, கட்டியைச் சுற்றிச் சுற்றி வண்ண வண்ண வளையங்கள். இந்த வளையத்தைத் தாண்டாமல் கொடுத்தால் கண் நரம்புக்கு ஒன்றும் ஆகாது, இடம் இருக்கிறது, டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள் அந்தப் பெண். மச்சான் எட்டிப் பார்த்து, "கெட்டியான சிடிதான்" என்றார்.

பத்து நாளும் வலையை மாட்டினார்கள். பத்து நாளும் உள்ளே அழுதேன் என்று வெளியே வந்து சொன்னார். அக்கா நடைவழியிலேயே உட்காரவைத்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, என்ன நினைச்சு அழுதீங்க என்று தினமும் கேட்டாள், அவரும் தினமும் சொன்னார். வேன் ஓட்டியது, என் கல்யாணத்தில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச் மட்டமானது என்று அவருக்கு அப்போதே தெரிந்தது, மகள் பிறந்த அன்று பயந்துபோய் மருத்துவமனைக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றது, எல்லாம் வந்தது. ஆவணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அது போதவில்லை.